தம்பியின் பெயரில் ஆடிய இரண்டு வாரம்

கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கியவன் நான். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். கால்பந்து என்றால் நம்புவார்கள். ஓட்டம் என்றாலும் நம்புவார்கள். தோட்டத்தில் பிறந்த தமிழன் சீனர்களின் சிமெண்டுத் தரையில் பதினோரு வருஷம் பந்து தட்டிச் சோறு தின்றான் என்றால், அண்ணாந்து என் உயரத்தை ஒருமுறை அளந்துவிட்டுத்தான் சரி என்கிறார்கள். உயரம் ஒரு சாட்சி. ஆனால் நான் ஆடியதிலேயே நல்ல ஆட்டத்துக்கு அந்தச் சாட்சியும் கிடையாது. அதை என் தம்பியின் பெயரில் ஆடினேன்.

வெட்கம் முகத்துக்கு வந்துவிட்டுப் போய்விடும் என்று இளமையில் நினைத்திருந்தேன். போவதில்லை. எனக்கு அது வலது முழங்காலில் குடியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது பேசுகிறது.

எங்கள் ரப்பர் தோட்டம் ஈப்போவுக்கு வடக்கே, செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் பால் மரம், பால் மரத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை, மலையடியில் ஒரு சீனக் கம்பம், சீனர்கள் குடியிருந்த சிற்றூர். கம்பத்தின் நடுவில் சிமெண்டுத் தரை, இரண்டு இரும்புத் தூண், இரண்டு பலகை, வலையில்லாத இரண்டு வளையம். தோட்டத்துத் திடலில் கால்பந்து ஆடும்போது என் உயரம் எனக்கே இடைஞ்சல். காலுக்கும் கண்ணுக்கும் நடுவில் அவ்வளவு தூரம். கம்பத்துத் தரையில் பத்தாவது ஆள் குறைந்த ஒரு மத்தியானம் என்னை விரலைக் காட்டிக் கூப்பிட்டார்கள். போனேன். கையைத் தூக்கினேன். யாருக்கும் எட்டாத உயரத்தில் என் கை இருந்தது. உலகத்தில் எனக்கென்று ஒதுக்கிய இடம் அங்கே, தலைக்கு மேலே, காற்றில் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர்கள் என்னை கௌ லோ என்று அழைத்தார்கள். நெட்டையன் என்று அர்த்தம். என் சொந்தப் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

தம்பி எனக்கு நான்கு வயது இளையவன். என் பின்னால் வந்தான், வேலிக்கு வெளியே ஒரு மாதம் நின்று பார்த்தான், பிறகு உள்ளே வந்தான். என்னைவிட ஒரு சாண் குட்டை. ஆட்டத்தில் என்னைவிட ஒரு முழம் கூடுதல். நான் பந்து இருக்கும் இடத்துக்குப் போவேன். அவன் பந்து வரப்போகும் இடத்தில் நின்றுகொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்பதுபோல் பார்ப்பான். இடது கைக்காரன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுத் தோட்டத்தில் புல் வெட்டப் போனான். காலையில் கத்தி பிடித்த கை மத்தியானம் பந்தைத் தொட்டதும் இளகிவிடும்.

எழுபதுகளின் நடுவில் ஈப்போவில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு தவுக்கே, சீன முதலாளி, சொந்தமாக ஓர் அணி நடத்தினார். என்னை எடுத்துக்கொண்டார். காகிதத்தில் நான் ஸ்டோர் கிராணி, கணக்கெழுதுகிறவன். காலையில் கப்பியும் பம்புக் குழாயும் எண்ணி எழுதுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லாரி வந்து அணியைத் தரைக்கு ஏற்றிக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பந்து ஆடிப் பிழைப்பது என்றால் இதுதான். ஜெயித்தால் கோழிச்சோறு, தோற்றால் மறுநாள் குழாய் எண்ணும்போது மேற்பார்வையாளரின் முனகல். பாகான் செராய் வரை லாரியிலேயே போய் ஆடிவிட்டு, வயல் காற்றில் தலைமயிர் விறைத்துத் திரும்பியிருக்கிறோம். சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. சந்தோஷமாக இருந்தவன்தான் இதைச் செய்தேன்.

இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் திட்டம் போட்டு ஏமாற்றியவர்கள் போலத் தெரியும். விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்கு ஓர் ஆள் நிற்கவேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவின் பெயருக்கு நான் நிற்பேன். அம்மாவின் மர நிரையில் நான் பால் வெட்டுவேன். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளை பெற்றுக் கிடந்தபோது அவர் பெயருக்கு அவர் புருஷனின் தங்கை மூன்று மாதம் நின்றாள். வேலை வாங்குகிற மண்டோருக்குத் தெரியும். கிராணிக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. எங்களுக்குப் பெயர் என்பது சைக்கிள் மாதிரி. தேவைப்பட்டவன் எடுத்துக்கொண்டு போவான். சாயங்காலம் கொண்டுவந்து சாத்திவிடுவான்.

அந்தப் புத்தியோடுதான் வெளியே வந்தேன்.

எனக்கு இருபத்தொன்று முடிந்திருந்தது. இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு கோலாலம்பூரில் ஒரு போட்டி வந்தது. பல வட்டாரங்களிலிருந்தும் அணிகள். எங்கள் வட்டாரத்து இளைஞர் அணியில் உயரமான ஆள் இல்லை. எங்கள் தவுக்கேயின் மேனேஜர்தான் அந்த அணிக்கும் மேனேஜர். ஒரு நாள் ஸ்டோருக்கு வந்து, குழாய்மேல் உட்கார்ந்து, உனக்குத் தம்பி இருக்கிறானாமே என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். வயது கேட்டார். பதினேழு. அவனுடைய பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு வா என்றார். அதில் படம் இருக்காது, ஆட்டக்காரர் அட்டையில் மட்டும்தான் படம் ஒட்டுவார்கள். நான் தயங்கியது அவருக்கு விளங்கியது. கையை விசிறிக்கொண்டே மலாயில், "சாமா சாஜாலா" என்றார். எல்லாம் ஒரே மாதிரிதானே. உங்கள் ஆட்களில் யார் அண்ணன் யார் தம்பி என்று எங்களில் யாருக்குத் தெரியும் என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அம்மா பத்திரங்களை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். தம்பியின் பத்திரம் வேண்டும் என்றேன். தம்பிக்கு ஏதாவது வேலை விஷயமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. டின்னை அப்படியே என்னிடம் தந்து, எது அவனுடையதோ பார்த்து எடுத்துக்கொள் என்று அடுப்புக்குப் போய்விட்டார். தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவனுக்கு ஒரே குஷி. தன் பெயர் பேப்பரில் வரும் என்றான். "நல்லா ஆடு அண்ணே, எம் பேரக் கெடுத்துறாத" என்று என் முதுகில் தட்டினான்.

மேனேஜர் என்னை முடிதிருத்தும் கடைக்குக் கூட்டிப்போய் மீசையை எடுக்கச் சொன்னார். தலையில் தண்ணீர் தடவி வழித்துச் சீவினார்கள். ஸ்டூடியோவில் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்தேன். தபால்தலை அளவுக்கு ஒரு படம் வந்தது. மீசை இல்லாமல் நான் பதினேழாகத்தான் தெரிந்தேன். கொஞ்சம் தம்பி மாதிரியும்.

இரண்டு வாரம் என் தம்பியாக இருந்தேன். முதல் நாள் பெயரைக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் விலாவில் குத்தினார். மூன்றாம் நாள் திரும்பப் பழகிவிட்டேன். இன்னொருவன் பெயரில் ஆடும்போது உடம்பில் ஒரு விடுதலை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். தப்பினால் தப்பியது நான் இல்லை. கௌ லோவுக்கு இருந்த பயமெல்லாம் ஈப்போவிலேயே கிடந்தது. தம்பியாக நான் குதித்தேன், விழுந்தேன், எழுந்தேன், என்னைவிடப் பெரிய ஆட்களின் தலைக்கு மேலிருந்து பந்தைப் பறித்தேன். கோப்பையை வென்றோம். சீனப் பத்திரிகையில் படம் வந்தது. யார் பெயர் எது என்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. தம்பி அதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். சட்டையையும் கேட்டான். கொடுத்தேன். பத்திரத்தை டின்னுக்குள் போட்டு மூடினேன்.

சைக்கிளைச் சாத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் தம்பி அதே அணிக்கான தேர்வுக்கு வந்தான். நான் சொல்லி வரவில்லை. கம்பத்துப் பையன்கள் இழுத்து வந்தார்கள். தேர்வு எங்கள் தரையிலேயே நடந்தது. நான் மீண்டும் மீசை வளர்த்திருந்தேன், அடர்த்தியாக. மரப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நாள் ஆட்டத்தில் அவனைப் போல் யாரும் இல்லை. அங்கே ஒரு வங்கியின் அணிக்கு ஆள் பார்க்க வந்தவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் என்னிடம் வந்து பேசினார். உன் தம்பி இந்த இளைஞர் அணியில் ஆடிவிட்டு வரட்டும், கோலாலம்பூரில் எங்கள் அலுவலகத்தில் எடுத்துக்கொள்கிறோம், கோப்பு தூக்குகிற வேலைதான், ஆனால் நிரந்தரம் என்றார். புல் வெட்டுகிறவனுக்கு நிரந்தரம். தம்பிக்கு அதைச் சொன்னேன். தன் உள்ளங்கையைத் திருப்பிக் காய்ப்பைப் பார்த்தான். பிறகு மற்ற கையைப் பார்த்தான்.

அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. தேசிய அணிக்கான பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லி.

தேர்வானவர்களுக்கு அட்டை எழுதும் நாளில் கூடைப்பந்துச் சங்கத்து அறைக்குப் போனோம். மத்தியானம். மின்விசிறி சுற்றியது, சன்னலுக்கு வெளியே ஐஸ் கச்சாங் வண்டிக்காரன் ஐஸ் சீவிக்கொண்டிருந்தான். சங்கத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற சீன வாத்தியார். எதையும் இரண்டு தரம் பார்க்கிறவர். ஓரத்தில் எங்கள் மேனேஜர். நான் கதவருகே நின்றேன். தம்பி மேசைக்கு முன்னால், கழுவிய சட்டையோடு.

செயலாளர் பத்திரத்தை வாங்கிப் படித்தார். பிறகு பழைய அட்டைகள் இருந்த மரப்பெட்டியை இழுத்தார். அந்தப் பெட்டியை நான் அதுவரை நினைத்ததேயில்லை. சத்தியமாக. ஒரு வருஷமாக ஒருநாள்கூட அது என் மனத்தில் தட்டவில்லை. பெரட்டுக் களத்தில் கூப்பிட்ட பெயரை யார் சேர்த்துவைக்கிறார்கள்? அவர் விரலால் தள்ளித் தள்ளி ஓர் அட்டையை எடுத்தார். இந்தப் பெயர், இந்தப் பிறந்த நாள், இந்தத் தோட்டம். போன வருஷம் கோப்பை வாங்கியவன். முகம் மட்டும் வேறு.

அட்டையைத் தம்பியின் காதருகே பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவனிடம் நீட்டி, இது யார் என்று மலாயில் கேட்டார்.

தம்பி படத்தைப் பார்த்தான். மீசை எடுத்த, தலை வழித்துச் சீவிய என்னைப் பார்த்தான். பிறகு கதவருகே நின்ற என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் இல்லை. ஒரு பந்து கையை விட்டு வளையத்துக்குப் போகிற நேரம். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை. பந்து வரப்போகும் இடத்தில் நிற்பவனின் பார்வைதான் அது. நான் அந்த இடத்துக்குப் போகவேண்டும். அவ்வளவுதான்.

நான் போகவில்லை.

"தெரியாது சார்" என்றான் தம்பி.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். நீ இவனுக்கு அண்ணன்தானே, இவன் பத்திரம்தானே இது, அப்படியானால் அட்டையில் இருப்பவன் யார் என்றார். மேனேஜர் சிகரெட் லைட்டரை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஓர் ஒப்புதல், ஐந்து வருஷத் தடை, முகாம் போய்விடும், ஸ்டோர் போய்விடும், திரும்பப் பெரட்டுக் களம். இவ்வளவும் என் தலைக்குள் ஓடி முடிந்தது. அந்தப் பக்கம் தம்பியின் வங்கி வேலை தனியாக நின்றது. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"எனக்கும் தெரியாது" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. கோப்பை வென்றவனின் அட்டை இருக்கட்டும் என்று முடிவானது. பின்னால் வந்தவன்தான் பொய்யன். ஆள்மாறாட்டம். தன் சொந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சொந்தப் பெயரில் வந்த குற்றத்துக்கு என் தம்பிக்கு ஐந்து வருஷம் தடை. வங்கிக்காரருக்கு அன்று மாலையே சேதி போயிருக்கவேண்டும். அவர் மறுபடி வரவேயில்லை.

செமோர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். முழங்கால் முன்னிருக்கையில் இடித்தது. ஜெலாப்பாங் தாண்டியதும் அவன் சன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"நல்ல வேள, மீச வச்சிருந்த அண்ணே."

சிரித்தான். என்னைச் சிரிக்கவைக்கச் சொன்னான். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"கேம்ப் முடியட்டும்லா. முடிச்சிட்டு வந்து சொல்லு. மூணு வாரந்தானே."

அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். முகாம் முடியட்டும் என்றிருந்தேன். முகாம் முடிந்ததும் அணி அறிவிக்கட்டும் என்றிருந்தேன். அறிவித்தார்கள், பன்னிரண்டாவது ஆளாக நானும் இருந்தேன். வெளிநாடு போய் ஆறு ஆட்டத்துக்கு பெஞ்சில் உட்கார்ந்தேன். உடம்பில் நாட்டுச் சட்டை, மடியில் துண்டு. ஒரே ஓர் ஆட்டத்தில், தோல்வி உறுதியான பிறகு, கடைசி நான்கு நிமிஷம் இறக்கினார்கள். தம்பியை விற்று நான் வாங்கியது அந்த நான்கு நிமிஷம். ஊர் திரும்பினேன். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் ஒன்பது வருஷம் உழைத்தது.

அம்மாவுக்கு அவன் தேர்வில் தேறவில்லை என்று மட்டும் தெரியும். அண்ணனுக்கு இருக்கிற நெட்டை அவனுக்கு இல்லையே, அவன் என்ன செய்வான் என்று வருகிறவர்களிடம் எனக்காகவும் அவனுக்காகவும் சேர்த்தே சொல்வார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நானும் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

தோட்டத்தை விற்றார்கள். மரங்களை வெட்டினார்கள். தம்பி ஜெலாப்பாங்கில் ஆணியும் கம்பியும் செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தான், பக்கத்திலேயே ஒரு மலிவு வீடு எடுத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டான். ஐந்து வருஷத் தடை முடிந்த நாள் எனக்குத் தெரியும். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. என் ஆட்டங்களுக்கு மட்டும் தவறாமல் வருவான். கூட வேலை செய்கிற நாலைந்து பேரை இழுத்துக்கொண்டு வந்து சிமெண்டுப் படியில் உட்காருவான். "அந்தா, நெட்டையா நிக்கிறாருல்ல, எங்கண்ணன்லா" என்று அவன் சொல்வது தரைவரை கேட்கும். அவன் வந்த நாளில் எனக்கு ஃப்ரீ த்ரோ விழாது. பந்து சில சமயம் கோட்டைத் தாண்டிப் படிக்கு உருண்டு போகும். எல்லாரும் கையால் எடுத்து எறிவார்கள். அவன் காலால் தள்ளிவிடுவான். ஒருமுறைகூட அவன் அதைக் கையால் தொட்டு நான் பார்க்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஈயத்தின் விலை விழுந்தது. சுரங்கம் ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரம்பிக் குளமானது. தவுக்கே அணியைக் கலைத்தார், ஸ்டோரைப் பூட்டினார். என் முழங்கால் அதற்கு முன்பே போயிருந்தது. முப்பது தாண்டிய வயதில், குதிக்க மட்டுமே தெரிந்த ஒரு நெட்டையனாக ஈப்போ வீதியில் நின்றேன். தம்பிதான் தன் தொழிற்சாலையில் சொல்லி வேலை வாங்கித் தந்தான். ஆணிப் பெட்டி கட்டுகிற பகுதி. அவன் அங்கே சூப்பர்வைசர். முதல் நாள் கையுறை கொடுத்து, எந்தப் பெட்டியை எப்படித் தூக்கினால் முழங்காலுக்கு வலிக்காது என்று குனிந்து காட்டினான்.

அந்தக் குனிவை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பழைய செயலாளரின் வீட்டைத் தேடிப் போனேன்.

அவர் கிழவராகியிருந்தார். வாசலில் ஆர்க்கிட் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: பத்திரம், மீசை, ஸ்டூடியோ, கதவருகே நின்றது. அவர் தெளிப்பதை நிறுத்தாமல் கேட்டார். நான் முடித்ததும், அன்றைக்கே தெரியும் என்றார். மீசையை எடுக்கலாம், காது மாறாது என்றார். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். நீயாகச் சொல்வாய் என்றுதான் உன்னைக் கேட்டேன் என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். உனக்கு ஒரு வருஷம் தடை போட்டிருப்பேன், பழைய அட்டையைக் கிழித்துவிட்டு அவனுக்குப் புதிது எழுதியிருப்பேன் என்றார். கூடப் பிறந்த அண்ணனே தெரியாது என்று சொன்னபிறகு நான் யாரை நம்பி அட்டை எழுதுவது என்றும் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.

ஒரு வருஷம். ஐந்து வருஷத் தடைக்கு நான் பயந்தேன். அதை எனக்கு யாரும் விதித்திருக்கவில்லை. நானே மனத்தில் எழுதி, அதைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். நான்கு பேருக்கும் படத்தில் இருப்பவன் யார் என்று தெரியும். மூன்று பேர் நான் வாயைத் திறப்பதற்குக் காத்திருந்திருக்கிறார்கள். இல்லை, மேனேஜரைச் சேர்க்கக் கூடாது. இரண்டு பேர்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலைப் பின்கட்டில், கம்பிச் சுருள்களின் நிழலில் தம்பியிடம் சொன்னேன். போய் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றேன். ஏதோ பரிசு கொண்டுவந்தவன் மாதிரி சொன்னேன் என்று பிறகுதான் உறைத்தது. அவன் மெல்லுவதை நிறுத்தினான். அவன் முகம் அப்படி இறுகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாரு ஒன்ன போகச் சொன்னா?"

"மனசு கேக்கலடா."

"ஒம் மனசா?" சோற்றுப் பொட்டலத்தை மடக்கிப் பக்கத்தில் வைத்தான். "அன்னிக்கு அந்த ரூம்ல சொல்லியிருந்தா அது எனக்கு. நேத்திக்குப் போயி சொன்னது ஒனக்கு. ஒனக்கு நல்லா இருக்கணும்னு போன. இப்ப நல்லா இருக்கா?"

இல்லை என்றேன்.

"அந்த அப்பெக் என்ன சொன்னாரு?"

அந்தக் கிழவர் சொன்ன ஒரு வருஷக் கணக்கை அவனிடம் சொல்லாமல் விடலாம் என்று தோன்றியது. சொன்னேன். தன் வாழ்க்கை ஒரு வருஷத்துக்கு விலைபோயிருக்கிறது என்று கேட்டவன் கத்துவான் என்று நினைத்தேன். அவன் எழுந்துபோய்க் குழாயில் கை கழுவினான். நிதானமாக, விரல் விரலாக. திரும்பி வந்து என் எதிரில் குந்தினான். முகத்தில் இறுக்கம் அப்படியே இருந்தது. குரல் மட்டும் வேறாக இருந்தது.

"ஃபைனல்ல எத்தன பாயிண்ட் போட்ட?"

"இருபத்தி ரெண்டு."

"எம் பேர்ல."

"ஒம் பேர்ல."

"ஒவ்வொண்ணாச் சொல்லு. எப்படிப் போட்டேன்னு சொல்லு."

போட்டே என்றா போட்டேன் என்றா அவன் சொன்னான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்ல ஆரம்பித்தேன். முதல் பந்து, வலது பக்கம், பலகையில் பட்டு விழுந்தது. இரண்டாவது, ஒருவன் தட்டிவிட்டதை விழுமுன் பிடித்து அப்படியே திணித்தது. மூன்றாவது, ஒரு ஃப்ரீ த்ரோ. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இடது கை விரல்கள் தொடைமேல் லேசாக அசைந்தன. ஆறாவது பந்துக்குப் பிறகு எனக்கு ஞாபகம் வரவில்லை. எத்தனையோ ஆட்டங்கள், எத்தனையோ பந்துகள், எல்லாம் கலந்துகிடந்தன. மறந்துவிட்டது என்று அவனிடம் சொல்லியிருக்கவேண்டும். அந்த ஒரு ஆட்டத்தையாவது அவனுக்காக நான் ஞாபகம் வைத்திருந்திருக்கவேண்டும்.

சொல்லவில்லை. மீதியை நானே கட்டினேன். இடைவெளியில் நுழைந்தேன் என்றேன், பின்னால் சாய்ந்து எறிந்தேன் என்றேன், கூட்டம் எழுந்து நின்றது என்றேன். நடந்ததற்கும் நடக்காததற்கும் அவன் ஒரே மாதிரி தலையாட்டினான். இருபத்திரண்டு வந்ததும் கண்ணைத் திறந்தான்.

"நல்லா ஆடியிருக்கேன்" என்றான்.

சங்கு ஊதியது. அவன் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். நான் கொஞ்சம் பொறுத்துப் போனேன்.